நாபோத்தின் மறுப்பும் முதலீட்டாளரின் பொறுப்பும்

நிலத்தில் முதலீடு செய்வோர் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்பதை வரையறுக்கும் இரண்டு ஆவணங்களை உரோமையில் கூடிய உலக உணவுப் பாதுகாப்புக் குழு ஏற்றுக்கொண்டது. 2012 மே மாதம் ஏற்கப்பட்டவை நில உரிமை ஆளுகைக்கான தன்னார்வ வழிகாட்டு நெறிகள். 2014 அக்டோபரில் ஏற்கப்பட்டவை வேளாண் முதலீட்டுக்கான பத்துக் கோட்பாடுகள். கோதையாற்றின் கரையிலுள்ள திற்பரப்பிலிருந்து இவற்றை வாசிப்போர்க்கு என்ன தோன்றும் என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

இவ்வாவணங்களின் சிறப்பை முதற்கண் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்தில் பதியப்படாத வழக்குரிமையும் உரிமையே என்று அவை அறிவிக்கின்றன. இதன் அருமையை நம் மாவட்டத்தார் அறிவர். 1865 ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்ட விளம்பரத்தினால் திருவிதாங்கூர் அரசு நிலத்தின் குடியானவர்கள் உடைமையாளராயினர். அது பெரும் சீர்திருத்தமே. ஆயினும் ஏட்டில் பெயர் உடையவனுக்கே அது பயன்பட்டது. அவனுக்குக் கீழ் நின்று மண்ணைக் கொத்தியவனுக்கன்று. பெயர் இல்லாதவனையும் காணும் சட்டம் அரிது என்பதை இதனால் உணர்கிறோம்.

எனினும் இவ்வாவணங்களில் ஒரு பெருங்குறை உண்டு. பழங்குடி மக்களிடம் முன்னதாகவே முழு விவரம் கூறி, வற்புறுத்தலின்றி இசைவு பெறவேண்டும் என்று கூறும் இவை, ஏனையோரிடம் கலந்தாலோசித்தால் போதும் என்று அமைகின்றன. இசைவு வேறு, ஆலோசனை வேறு. இசைவு கேட்கப்படுபவன் மறுக்கலாம். ஆலோசனை கேட்கப்படுபவன் பேசலாம், அவ்வளவே. அன்றியும், இந்நெறிகள் தன்னார்வமானவை; மீறுவோரைத் தண்டிக்க வழியில்லை.

இவ்வேறுபாட்டைக் கோதையாற்றின் வழியிலேயே காணலாம். திற்பரப்புக்கு மேலே, பேச்சிப்பாறை மலைப்பகுதியில் காணிக்காரர் வாழ்கின்றனர். 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுடைய கிராம சபைக்கு அதிகாரம் அளித்தது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பத்திரம் வழங்கவேண்டும் என்றும், அவ்வுரிமை வழிவழியாகச் செல்லலாம், ஆனால் விற்கப்படலாகாது என்றும் அது விதித்தது. நிலத்தை நிரந்தரமாக விற்கலாகாது என்னும் லேவியராகமம் 25 ஆம் அதிகாரத்தின் நெறியோடு இதற்குள்ள ஒற்றுமை சிந்திக்கத்தக்கது. ஆயினும் நீதிமன்ற ஆணையொன்றினால் தமிழ்நாட்டில் பத்திரம் வழங்குதல் 2008 முதல் 2016 வரை தடைபட்டு நின்றது. சட்டத்தில் உரிமை பெற்றோரும் பத்திரத்துக்காக எட்டாண்டு காத்திருக்க நேர்ந்தது.

திற்பரப்பைக் கடந்த ஆறு பறளியாற்றோடு கூடித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலை அடைகிறது. அக்கடற்கரையை உள்ளடக்கிய கிள்ளியூர் வட்டத்தில், மிடாலம், இனயம்புத்தன்துறை, கொல்லங்கோடு முதலிய ஊர்களில், 1,144 எக்டேர் நிலத்தில் அணுக் கனிம மணல் அகழ மத்திய அரசின் நிறுவனம் ஒன்று முனைந்தது. 2024 அக்டோபர் 1 ஆம் நாள் நடைபெறவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பினால் ஒத்திவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில், அணுக் கனிமச் சுரங்கத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டியதில்லை என மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை வெளியிட்டது. ஒரு தாளினால் அளிக்கப்படும் ஆலோசனையை மற்றொரு தாள் எடுத்துவிடக்கூடும். கேட்பவரின் கருணையில் நிற்பது உரிமையாகாது.

இங்கு முதலாம் இராஜாக்கள் 21 ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசிப்பது நலம். ஆகாப் தொடக்கத்தில் கொள்ளையிட வரவில்லை. நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்கு மாற்றாக அதனினும் நல்ல தோட்டம் தருவதாகவும், இல்லையேல் விலை தருவதாகவும் கூறினான். இக்கால அளவுகோலின்படி அவன் பொறுப்புள்ள முதலீட்டாளனே. முன்னோரின் உரிமை என்று நாபோத் மறுத்தபோதுதான் அவனுடைய பொறுப்பின் எல்லை வெளிப்பட்டது. அதன்பின் நடந்தவையும் முறைப்படியே நடந்தன: முத்திரையிட்ட மடல்கள், மூப்பர் கூடிய சபை, இரண்டு சாட்சிகள். நடைமுறை நிறைவேறியது, நீதி கொல்லப்பட்டது. ஆகவே ஓர் ஒப்பந்தத்தைச் சோதிக்கும்போது, ஈட்டுத்தொகை தகுந்ததா என்று கேட்பதற்குமுன், மறுத்தவனுக்கு என்ன நேரும் என்று கேட்கவேண்டும்.

முதலீடே வேண்டாவென்பது நம் கருத்தன்று. 1906 இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை நாஞ்சில் வயல்களுக்கு நீர் தந்தது. 1984 இல் நிறுவப்பட்ட அரசு ரப்பர் கழகம் பலருக்கு வேலை தந்தது. அரிய கனிமங்கள் நாட்டுக்குத் தேவை என்பதும் உண்மை. ஆனால் தேவை பெரிதாகும்போதெல்லாம் மறுப்புரிமை சிறிதாகுமாயின், பொறுப்பு என்னும் சொல் வெறும் அணிகலனாகிவிடும். பிறர் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளிக்கு ஏட்டில் பெயர் இல்லை. தோட்டம் கைமாறும்போது அவனைக் கேட்பாரும் இல்லை.

திருச்சபையும் நிலமுடையதாதலின் இக்கேள்வி நம்மையும் சாரும். சபையின் நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ தீர்மானம் எழுதும் குழு, அந்நிலத்தில் குடியிருப்போரையும் உழைப்போரையும், குறிப்பாகப் பெண்களை, முதலில் அழைத்து அவர்கள் மறுப்பை ஏற்கும் மனத்துடன் கேட்கவேண்டும். அரசிடமும் நிறுவனங்களிடமும் நாம் கோரும் நெறியை நம் குறிப்பேட்டில் முதலில் எழுதுவோமாக. அவ்வாறு செய்யாத சபை எலியாவின் பக்கம் நிற்பதாகக் கூறிக்கொள்ள இயலாது; மடல் பெற்ற மூப்பரின் வரிசையிலேயே அது நிற்கும்.