இருநூறுக்குப் போடுங்க

சென்னைப் புறநகர் முடிச்சூரிலிருந்து கிண்டிக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவரிடம் மாதம் என்ன செலவாகிறது என்று கேட்டால், "பெட்ரோல்தான், வேறென்ன?" என்பார். பெட்ரோலுக்கு எவ்வளவு என்றால் உடனே சொல்ல வராது. பங்கில் "இருநூறுக்குப் போடுங்க" என்று அவ்வப்போது போட்டுக்கொள்வதுதான் நம் பழக்கம். மாதக் கடைசியில் பில் என்று ஒன்று கைக்கு வருவதேயில்லை. ஸ்கூட்டர் சிக்கனம் என்ற நம்பிக்கையில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பேன்.

போக 20, வர 20, வேலை நாள் 25 என்றால் மாதம் 1,000 கி.மீ. 110 சிசி வண்டி ஜிஎஸ்டி சாலை நெரிசலில் லிட்டருக்கு 45 கொடுத்தாலே பெரிய விஷயம். சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில் எரிபொருள் மட்டும் 2,200க்கு மேல். லட்ச ரூபாய்க்கு வாங்கிய வண்டியை ஐந்து வருடம் கழித்து நாற்பதாயிரத்துக்குத் தள்ளினால், மாதம் 1,000 ரூபாய் தேய்மானம். ஆயில், டயர், பிரேக் ஷூ, என்றைக்காவது ஒருநாள் பெல்ட் என்று இன்னொரு அறுநூறு. 2018 செப்டம்பரிலிருந்து ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை வண்டி வாங்கும்போதே கட்டிவிடுவதால் அது செலவாகவே உறைப்பதில்லை. ஆகமொத்தம் 3,800 ரூபாய். தவணை வட்டி தனி.

மாநகரப் பேருந்துக்கு மாதப் பாஸ் 1,000 ரூபாய். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் அதுவும் இல்லை. தாம்பரம்–கிண்டி மின்சார ரயிலுக்கு 5 ரூபாய்தான். அப்படியிருக்க, ஸ்கூட்டர் எதைவிட மலிவு? ஆட்டோவைவிட, காரைவிட. தினமும் ஆட்டோவில் போகாதவர் ஆட்டோக் காசை மிச்சம் பிடித்ததாகச் சொல்வது வேடிக்கை.

ஆனாலும் முடிச்சூர்க்காரரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு வாடகை குறைவான வீடு வாய்த்ததே ஸ்கூட்டர் இருப்பதால்தான். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மனைவியை ஸ்டேஷனில் இறக்கி, திரும்பும்போது கால் வைக்கும் இடத்தில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு வருகிறார். பேருந்து பாஸ் இதையெல்லாம் செய்யாது. இந்த லாபம் பெட்ரோல் கணக்கில் வராது. வாடகைச் சீட்டில்தான் தெரியும்.

எந்தக் கணக்கிலும் வராத இழப்பும் ஒன்று உண்டு. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம், மழையில் தண்ணீர் நிற்கும் குழிக்குள் முழுசாக இறங்கும். ஒரு கை எலும்பு முறிந்தால் பல மாதத்து மிச்சம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

என் தீர்ப்பு தூரத்தைப் பொறுத்தது. முடிச்சூரிலிருந்து தாம்பரம் வரை ஸ்கூட்டர், அங்கிருந்து ரயில் என்றால் பெட்ரோல் அறுநூறுக்குள் அடங்கும். ரயிலுக்கு 250, சீசன் எடுத்தால் அதிலும் குறையும். ஸ்டாண்டில் நெருக்கியடித்து நிற்கும் வண்டிகளுக்கு நடுவே நம் வண்டியை உருவி எடுப்பது எரிச்சல்தான். ஸ்டாண்டுக் கட்டணத்தைச் சேர்த்தாலும் மிச்சம் மிச்சமே. ஓட்டம் குறைவதால் டயரும் பெல்ட்டும் கூடுதல் காலம் உழைக்கும். இரவு ஷிப்டு முடிந்து, கடைசி ரயில் போன பிறகு வெளியே வருபவருக்கு மட்டும் இந்த யோசனை உதவாது. அவர் கிண்டி வரைக்கும் வண்டியை ஓட்டித்தான் ஆக வேண்டும்.