திரைப்படத்தில் தஞ்சம் புகுந்த ஒலி

சோவியத் மின்னணு இசையைக் கேட்டு வியப்பவர்களில் பலர், தணிக்கைதான் அதற்குச் சாணை பிடித்தது என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சாணை பிடித்தது கருவி; தணிக்கை செய்தது வேறு.

ராணுவத் தொழில்நுட்பத்தில் வேலை பார்த்த பொறியாளர் யெவ்கெனி மூர்சின், 1938இல் உதித்த யோசனையை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடாமல் சுமந்து ஏ.என்.எஸ். சிந்தசைசரை உருவாக்கினார். இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் பெயரின் முதலெழுத்துகள் அவை. ஐந்து கண்ணாடி வட்டுகள், ஒவ்வொன்றிலும் 144 தடங்கள், ஆக 720 தூய சுரங்கள். கறுப்புப் பசை பூசிய கண்ணாடித் தகட்டில் இசையமைப்பாளர் கீறுவார். கீறிய இடத்தில் ஒளி புகும், அது ஒலியாகும். பிடிக்கவில்லையா, பசையை இழுத்து மூடிவிட்டு மறுபடி கீறலாம். வாத்தியக்குழு வேண்டாம் என்பதுதான் இதில் பெரிய விஷயம். குழு என்றால் ஒத்திகை, அரங்கு, அனுமதி என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு அதிகாரி.

ஆனால் வெட்டி அடிக்கும் தாளம் இந்தக் கருவிக்கு எளிதில் வராது. ஒலிகள் மேகம்போல் நகரும், கரையும். பல படைப்புகள் ஒரே சாயலில் இருப்பதற்கு அரசியல் விளக்கம் தேடுவது வீண்.

அரசியல் நுழைந்த இடம் திரைப்படம். கச்சேரி மேடையில் சந்தேகத்துக்குள்ளான மின்னொலி, படத்தில் ‘எஃபெக்ட்’ என்ற பெயரில் தப்பித்தது. இசையமைப்பாளர் எட்வார்ட் ஆர்தேமியெவ், இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ (1972), ‘ஸ்டாக்கர்’ (1979) ஆகிய படங்களில் மின்னொலியை அப்படிப் பயன்படுத்தினார். அந்த ஒலியை அவ்வளவு பேர் கேட்டது படங்களால்தான். ஆனால் கொடுத்த விலையைப் பாருங்கள். ‘சோலாரிஸ்’ படத்தில் மனிதருக்கும் பூமிக்கும் பாக்கின் செவ்வியல் இசை. அந்நியக் கிரகத்துக்கு மின்னொலி. புதிய இசை என்றால் விபரீதம், வேற்றுலகம் என்று ரசிகர் காது பழகிவிட்டது. படம் அற்புதம், இசைக்கு அது நல்லதாக முடிந்ததா என்பது வேறு கேள்வி.

படத்துக்கு வெளியேயும் சிலர் முயன்றார்கள். இசையமைப்பாளர் ஷ்னிட்கே 1969இல் ஏ.என்.எஸ்.ஸில் ‘பொதோக்’ என்ற படைப்பைச் செய்தார். இசையமைப்பாளர் குபைதுலினா 1970இல் அதிலேயே ஒன்று செய்தார். அந்தக் கருவி இருந்த ஸ்டுடியோ எழுபதுகளில் மூடப்பட்டது. 1979 இசையமைப்பாளர் மாநாட்டில் சோவியத் இசையமைப்பாளர் சங்கத் தலைவர் க்ரென்னிகொவ் பெயர் சொல்லிச் சாடிய எழுவரில் குபைதுலினாவும் உண்டு. இந்தப் பதிவுகளைத் திரட்டி அரசு இசைத்தட்டு நிறுவனமான மெலோதியா வெளியிட்டது 1990இல்தான். முதல் முயற்சி சபைக்கு வந்து, நாலு பேர் குறை சொல்லி, அதில் கற்று இரண்டாவது எழுத வேண்டிய ஆண்டுகள் அதற்குள் போயிருந்தன. ஷ்னிட்கேயும் குபைதுலினாவும் எப்போதோ வாத்தியங்களுக்கே திரும்பிவிட்டார்கள்.