ஊமை நகைச்சுவைப் படங்களும் அவற்றைத் தேடுவோரும்

லோரலும் ஹார்டியும் நடித்து 1927ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நூற்றாண்டின் போர்’ என்னும் ஊமைப்படத்தில், தெருவிலுள்ளோர் அனைவரும் பாலேட்டுப் பணியாரங்களை ஒருவர் முகத்தில் ஒருவர் எறிந்து போர்புரிவர். அதன் இரண்டாம் சுருள் நெடுங்காலம் அகப்படவில்லை. 1957இல் ரொபேட் யங்சன் தொகுத்த படமொன்றிற் சேர்ந்த துண்டுகளே எஞ்சின. 2015இல் தனியார் சேகரிப்பொன்றிலிருந்து அச்சுருளின் 16 மில்லிமீற்றர்ப் பிரதி முழுமையாக வெளிப்பட்டது.

இத்தகைய தேட்டத்தை வசதியுடையோரின் வீண்பொழுதென ஒதுக்குவோர் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றினால் ஆனவை. பேசும்படம் தோன்றியதும் அவற்றைப் பேணுவார் அருகினர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வின்படி, அந்நாட்டு நெடிய ஊமைப்படங்களுள் 14 சதவீதமே மூலவடிவில் முழுமையாக எஞ்சின. குறும்படங்களுக்கோ வேறொரு புகலிடம் வாய்த்தது. 1922இல் பாதே நிறுவனமும் 1923இல் கொடக் நிறுவனமும் இல்லங்களுக்கேற்ற சிறு படக்கருவிகளை வெளியிட்டன. எளிதில் தீப்பற்றாத சுருள்களிற் பதித்த நகைச்சுவைப் படங்கள் வீடுகளை அடைந்தன.

நகைச்சுவையின் இயல்பும் இதற்குத் துணைநின்றது. அவலக்கதையொன்றின் நடுச்சுருள் மட்டும் கிடைப்பின் அது நம்மைக் கலங்கச் செய்யாது. வழுக்கி வீழ்பவனோ முன்பின் கதையின்றியும் நகைப்பூட்டுவான். எனவே துண்டும் விலைபெற்றது.

சேகரிப்போர்பாற் குறையில்லாமலில்லை. அருமையே சிறப்பென மயங்குதல் அவற்றுள் ஒன்று. 1914ஆம் ஆண்டின் ‘கள்ளனைப் பிடிப்பவன்’ பழம்பொருள் விற்பனையொன்றில் அகப்பட்டபோது பேராரவாரம் எழுந்தது. சப்ளின் அதிற் காவலராகத் தோன்றுவது சில நிமிடங்களே. அவர் இலராயின் அதனை எவரும் பொருட்படுத்தார்.

இந்தியாவில் 1300க்கு மேற்பட்ட ஊமைப்படங்கள் உருவாயின. எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றுள் வங்காளத்துக் காளிபாத தாஸின் ‘ஜமாய் பாபு’ (1931) ஒன்று. நாட்டுப்புற மருமகப்பிள்ளை ஒருவன் கல்கத்தாவில் வழிதவறித் திரியும் சிறு நகைச்சுவைப் படம் அது. அவன் தடுமாற்றத்திற்குப் பின்னணியாக அந்நகரின் அக்கால வீதிகளும் நமக்குக் கிட்டின.

இலங்கைக்கு அப்பேறும் வாய்க்கவில்லை. 1925இல் எடுக்கப்பட்ட ‘ராஜகீய விக்கிரமய’ நகைச்சுவைப் படமன்று. எனினும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பம்பாயிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பெற்ற அது, இங்கு திரையேறுமுன்னரே தீக்கிரையாயிற்று. அதில் நடித்த இளைஞர் என். எம். பெரேரா பின்னாளில் நாட்டின் நிதியமைச்சரானார். அவர் நடித்த சுருளில் ஒரு சாணும் எஞ்சவில்லை.