சபையேறிய பெண்களும் நம் சபைகளும்

கண்ணகியையும் ஔவையாரையும் புகழாத தமிழ் மேடை இந்நாட்டில் இல்லை. கோயில் விழாவாயினும் தோட்டத்துப் பொங்கல் விழாவாயினும் சொற்பொழிவாளர் முதலில் எடுப்பது இவ்விருவர் பெயரையே. ஆயின், அதே மேடையின் தலைமை நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருக்கக் காண்டல் அரிது. இம்முரண்பாட்டிற்கு நாம் இலக்கியம் படிக்கும் முறையும் ஒரு காரணம் என்போம்.

கண்ணகி என்றதும் கற்பு என்று சொல்லி முடித்துவிடுகிறோம். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் அவள் செய்ததென்ன? தனியே அரண்மனை வாயிலை அடைந்தாள். வாயிலோன் வழியே தன் வரவை அறிவித்தாள். அரசன் முன் அவன் தவற்றை எடுத்துரைத்தாள். தன் சிலம்பிலுள்ள பரல் மாணிக்கம் என்று கூறி, அதனை உடைத்துச் சான்றும் காட்டினாள். ஊரார் குறையை உரைத்தல், சான்று தருதல், ஆள்வோரைப் பொறுப்பேற்கச் செய்தல் ஆகிய இவையன்றோ ஒரு மன்ற உறுப்பினரின் கடமை? சங்க கால ஔவையாரும் அதியமானின் தூதராய்த் தொண்டைமானிடம் சென்று, அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோற் பழித்த அரசியலறிஞர் ஆவார்.

நிற்க. இக்கதைகளில் உள்ள குறையை மறைத்தல் நேர்மையன்று. கண்ணகி அரசவை புகுவது கணவனை இழந்த பின்னரே. ஔவை என்னும் பெயரால் வழங்கும் நாட்டுக் கதையிலோ, அவர் விநாயகரை வேண்டி இளமையை நீத்து முதுமை பெறுகிறார். ஆகவே, பொதுவிடத்தில் பேச விரும்பும் பெண் கணவனையோ இளமையையோ விலையாகத் தரல் வேண்டும் போலும்! இவ்விலையை நம் சமூகம் இன்னும் கேட்கிறது. இளம் மனைவி ஒருத்தி இரவுக் கூட்டத்திற்குச் சென்றால், “வீட்டில் கேட்பாரில்லையோ?” என்னும் பேச்சு எழுகிறதன்றோ?

இத்தடை இயற்கையானதன்று. 1943இல் சிங்கப்பூரில் அமைந்த ஜான்சி ராணிப் படையில், பால்மரம் வெட்டிய தோட்டப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். அப்படையில் துணைத் தலைமை ஏற்ற இளம்பெண் ஜானகி, 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸின் தொடக்கத்திலும் பங்குகொண்டு, பின்னர் ஜானகி ஆதி நாகப்பன் என்னும் பெயரோடு மேலவை உறுப்பினராகவும் விளங்கினார்.

தீபகற்ப மலேசியாவில் 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் மீண்டும் நடைபெறவில்லை. நகராண்மைக் கழக உறுப்பினர்களை, 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாநில அரசுகளே நியமிக்கின்றன. ஆதலின், ஒருவர் பெயர் முதலில் எழுவது வாக்குச்சாவடியிலன்று. கட்சிக் கிளையிலும் அதனைச் சூழ்ந்த சங்கங்களிலுமே. அங்கே குத்துவிளக்கு ஏற்றவும் பந்தி பரிமாறவும் மட்டும் அழைக்கப்படுபவளின் பெயர் எங்ஙனம் எழும்?

எனவே, கிளைகள் பெண்கள் வரத்தக்க நேரத்தில் கூடுக; செயலாளர், பொருளாளர் பொறுப்புகளை அவர்க்கு அளித்திடுக. ஆசிரியர்கள் கண்ணகியின் கற்பைக் கற்பிக்கும்போதே அவள் வழக்காடிய திறனையும் கற்பித்திடுக. கணவனையும் இளமையையும் இழவாமலே நம் பெண்மக்கள் சபையேறும் நாளில்தான் நாம் சிலப்பதிகாரம் படித்தவர் ஆவோம்.