துப்பாக்கிப் பெட்டியின் சாவி

2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு கைத்துப்பாக்கியை அறிமுகப்படுத்தியது. பெயர் நிர்பீக், அச்சமற்றது என்று பொருள். 2012 டிசம்பரில் டெல்லியில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகி இறந்த மாணவிக்கு ஊடகங்கள் வைத்த பெயரின் பொருளும் அதுதான். 0.32 போர், அரைக் கிலோ எடை, விலை 1,22,360 ரூபாய். அதை வைத்துக் கொடுத்த மெரூன் நிறப் பெட்டி நகைப் பெட்டியைப் போலவே இருந்தது.

விளம்பர மொழி குறித்து வகுப்பில் பேசும்போதெல்லாம் இந்தப் பெட்டியை ஒரு பிரதியாக வாசித்துக் காட்டுவேன். குற்றம் செய்தவனைப் பற்றி அந்தப் பிரதியில் ஒரு சொல்கூட இல்லை. காத்துக்கொள்ளும் பொறுப்பும் செலவும் பெண்ணின் தலையில் ஏற்றப்பட்டிருக்கின்றன. அதிலும், திருப்பூரில் இரவு ஷிப்ட் முடித்துப் பேருந்துக்கு நிற்கும் பனியன் கம்பெனிப் பெண் அந்தப் பெட்டியைத் திறக்கப்போவதே இல்லை. இப்படிப் பேசிவிட்டு வகுப்பை முடித்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீடொன்றில் தந்தை, தாய், மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். 2025 கோடையில் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்து வீட்டில் ஒரு முதிய தம்பதி. தோட்டங்களில் தனித்திருப்போருக்குத் துப்பாக்கி உரிமம் கொடுங்கள் என்ற குரல் கொங்கு மண்டலத்தில் எழுந்தது. அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 74. "படிச்சவ நீ, எது வாங்கலாம்னு பாத்துச் சொல்லு" என்றார் அண்ணன்.

பார்த்தேன். 0.315 ரைஃபிள் மூன்று கிலோவுக்கு மேல் எடை. அதன் தோட்டா குறி தவறினால் பக்கத்துத் தோட்டத்துச் சாளை வரைக்கும், அதைத் தாண்டியும் போகும். இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கியில் ரவைத் தோட்டா போடலாம். கிட்டத்தில் அதுதான் பொருத்தம் என்பார்கள். ஆனால் சுடும்போது தோளில் விழும் உதையை அம்மாவின் எலும்பு தாங்காது. ரிவால்வர் சிறியது, விடாத பயிற்சி இல்லாமல் குறி நிற்காது. எதை வாங்கினாலும் பூட்டித்தான் வைக்க வேண்டும். தோட்டா நிரப்பித் தலைமாட்டில் வைத்தால் வீட்டுக்கே ஆபத்து. பூட்டி வைத்தால், நாய் குரைக்கும் அந்த நிமிடத்தில் அம்மா கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, பெட்டியைத் திறந்து, தோட்டா போட வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் போரையும் ரவையையும் பற்றிக் கேட்கவில்லை.

"பொட்டிச் சாவி ஆருகிட்ட இருக்கும் அம்முணி?"

அண்ணன் பெயரில்தான் உரிமம், சாவியும் அவரிடம்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கப்பன் இருந்த காலத்துல இது ஊட்டுல இருந்திருந்தா நானு இன்னிக்கு உங்கூடப் பேசிட்டு இருக்க மாட்டேன்" என்றார்.

நிர்பீக் பெட்டியில் நான் வாசிக்காமல் விட்டது இதுதான். வீட்டுப் பாதுகாப்பு என்ற சொல்லில் ஆபத்து எப்போதும் வாசலுக்கு வெளியே நிற்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள், துப்பாக்கியில்லாத வீட்டில் வாழ்பவர்களைவிட இருமடங்குக்கும் மேலான விகிதத்தில் கொல்லப்பட்டிருந்தார்கள். துணையால் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் சட்டத்துக்கும் இது தெரியும்: 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் விதிகள், நீதிமன்றம் சொன்னால் ஆயுதத்தைக் கைப்பற்ற நடவடிக்கை எடுக்கும் பொறுப்பைப் பாதுகாப்பு அலுவலருக்குக் கொடுத்திருக்கின்றன.

போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது 1959 ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. ஆனாலும் இங்கே துப்பாக்கி கேட்டு எழும் குரல் நிலம் உள்ளவரின் குரல். காலனியில் தாழ்ப்பாள் சரியாக விழாத கதவுக்குப் பின்னால் தூங்கும் பெண்ணுக்காக யாரும் உரிமம் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இரவில் மும்முனை மின்சாரம் வந்ததும் மடை திருப்ப எங்கள் தோட்டத்துக்குள் வருவது அவள் கணவன்தான். இருட்டில் அசையும் நிழலைச் சுடத் துணியும் கை முதலில் அவனைத்தான் சுடும்.

நிலத்திலும் இதே கணக்குதான். 1989இலேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு சட்டமாகிவிட்டது. எங்கள் பட்டாவில் இன்றும் அண்ணன் பெயர் மட்டுமே இருக்கிறது, நானும் கேட்டதில்லை. துப்பாக்கியும் அப்படியே கைமாறும். 70 வயதான உரிமதாரர் அதை வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க 2016 ஆயுத விதிகள் வழி செய்கின்றன. விதி மகன் என்று சொல்லவில்லை, வாரிசு என்றுதான் சொல்கிறது. வீடு அந்தச் சொல்லை மகன் என்று வாசித்துக்கொள்கிறது.

அம்மா தனியாக இருப்பதற்குக் காரணம் திருடர்கள் அல்ல. அண்ணன் பீளமேட்டில், நான் வடவள்ளியில். இருவருக்கும் தோட்டம் வேண்டும், தோட்டத்து இரவு வேண்டாம். அந்தக் குற்ற உணர்வுக்குத்தான் நாங்கள் ஆயுதம் தேடினோம்.

அம்மா கேட்டவை வேறு. களத்துமேட்டுக்கு ஒரு விளக்கு. கூப்பிட்டால் போலீஸ் எடுக்கும் ஒரு நம்பர். பாழாகக் கிடக்கும் சாளையைச் செப்பனிட்டு, பக்கத்திலேயே ஒரு குடும்பம். அந்தக் குடும்பம் எந்தச் சாதி என்று அண்ணன் கேட்டார். அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.

"வாரத்துல ரெண்டு நாளு வந்து படுத்துக்க கண்ணு" என்றார் அம்மா என்னிடம். இந்தக் கட்டுரையின் பாதியை அவர் வீட்டு ஆசாரத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். உரிம விண்ணப்பம் மேசை மேலேயே கிடக்கிறது. பெயர் எழுத வேண்டிய இடத்தை நாங்கள் இன்னும் நிரப்பவில்லை.