வேரும் கிளையும்: உட்பண்பாடு என்னும் சொல் குறித்து

தமிழ்த் திறனாய்வில் 'உட்பண்பாடு' என்னும் சொல் மிக எளிதாகப் புழங்கி வருகிறது. 'துணைப்பண்பாடு' என்று எழுதுவோரும் உளர். முஸ்லிம் ஒருவர் நாவல் எழுதினால் அதனை 'ஓர் உட்பண்பாட்டின் ஆவணம்' என்று பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. பாராட்டுவோரின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அச்சொல் நம்மை எந்த இடத்தில் அமர்த்துகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

இக்கருத்தை இன்றைய அரபியர் 'ஸகாஃபா ஃபர்இய்யா' என்பர்; கிளைப்பண்பாடு என்பது பொருள். உஸூலுல் ஃபிக்ஹ் பயிலும் மாணவர்க்கு அஸ்ல், ஃபர்உ ஆகிய இரு சொற்களும் நன்கு பழகியவை. முன்னது வேர், பின்னது கிளை. கியாஸில் ஃபர்உக்கு உரிய சட்டம் அஸ்லிலிருந்தே பெறப்படும். எனவே ஒன்றைக் கிளை என்று சொன்ன மாத்திரத்தில், அதன் வேர் எது என்ற வினா எழுந்துவிடுகிறது. பெரும்பான்மைப் பண்பாடுதான் வேரா? அல்லது அதுவும் பருத்துவிட்ட மற்றொரு கிளைதானா?

முதலில் இச்சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1947இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மில்டன் கோர்டன் இதற்கு ஒரு வரையறை தர முயன்றார். வர்க்கம், இனம், வட்டாரம், சமயம் ஆகியவை ஒன்றுகூடி மனிதனை உருவாக்கும் சிறு உலகத்தையே அவர் உட்பண்பாடு என்றார். 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட் பர்மிங்ஹாமில் நிறுவிய பண்பாட்டு ஆய்வு மையம் இச்சொல்லை வேறு திசைக்குக் கொண்டு சென்றது. அங்குப் பயின்ற டிக் ஹெப்டிஜ் 1979இல் வெளியிட்ட நூல், பங்க் முதலிய பிரிட்டிஷ் இளைஞர் குழுக்களின் உடையையும் இசையையும் ஆராய்ந்தது. சட்டையில் குத்தும் சாதாரண ஊக்கு அவ்விளைஞர் கையில் எதிர்ப்பின் அடையாளமாயிற்று. பொருள் மாறவில்லை, அதன் அர்த்தம் மாறிற்று. பின்னர் வணிகம் அந்த அடையாளத்தையே கடையில் வைத்து விற்றது. பொதுப்பண்பாடு மாற்றுக்குரலைச் செரித்துக்கொள்ளும் வழி இதுவென ஹெப்டிஜ் காட்டினார்.

பொதுப்பண்பாடு தரும் பொருளையே எடுத்து அதில் வேறு அர்த்தம் ஏற்றுவது உட்பண்பாட்டின் இயல்பு என்ற அவரது கருத்து மதிக்கத்தக்கது. தமிழ் முஸ்லிம்களிடம் இதற்குச் சான்றுகள் பல. வடபுலத்து முஸ்லிம்கள் பாரசீகம் வழிவந்த 'நமாஸ்', 'ரோஸா' என்னும் சொற்களைக் கொண்டனர். நம் முன்னோரோ 'தொழுகை' என்றும் 'நோன்பு' என்றும் சொன்னார்கள். சமண, பவுத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' நம்மிடம் பள்ளிவாசலாயிற்று. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழம்பள்ளிகளின் கற்றூண்களும் போதிகைகளும் தமிழ்ச் சிற்பியர் கைவேலையே. உருவங்கள் நீங்கின, பூவும் கொடியும் நின்றன.

எனினும் ஊக்குக்கும் பள்ளிக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஊக்கு அணிந்த இளைஞன் தன் பெற்றோரின் பண்பாட்டிலிருந்து விலகிக் காட்டவே அதனை அணிந்தான். நம் முன்னோர் 'நோன்பு' என்று சொன்னது எவரையும் எதிர்ப்பதற்காக அன்று. அது அவர்களின் தாய்மொழி. வேறு சொல்லைத் தேட வேண்டிய தேவையே அவர்களுக்கு எழவில்லை. இளைஞர் குழுவின் பாணி ஒரு தலைமுறையில் தோன்றி மறையக்கூடும். தாய் மகளுக்குக் கொடுத்த சொல்லோ நூற்றாண்டுகள் நிற்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது ஆய்வாகாது.

சீறாப்புராணத்தை நோக்குவோம். 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் இயற்றிய அக்காப்பியத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டின் மீது மேகம் திரள்கிறது, மழை பொழிகிறது, வெள்ளம் பெருகி வயல்களில் பாய்கிறது. பாலை நிலத்தில் இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது என்று நகைப்போர் உண்டு. கம்பரைப் பின்பற்றியதன் விளைவு என்று தள்ளுவோரும் உண்டு. இருசாராரும் உமறுவை இரவல் வாங்கியவராகவே காண்கின்றனர். மழையின்றி ஒரு நாட்டைச் சிறப்பிக்கத் தமிழ்க் காப்பிய மரபில் வழியில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த மண்ணைத் தம் மொழியின் மிகச் சிறந்த மரியாதையோடு வரவேற்கிறார் புலவர். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்னும் பெயர்களிலேயே அரபுச்சொல் தமிழ் ஈறு பெற்றுப் புணர்ந்து நிற்பதைக் காணலாம். இதில் எது வேர், எது கிளை? காப்பிய மரபு கம்பரின் தனிச்சொத்தாக இருந்தாலன்றோ உமறு இரவலர் ஆவார்?

இனி நாவலுக்கு வருவோம். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் வெளிவந்தது. அதனை முஸ்லிம் வாழ்க்கையின் படப்பிடிப்பாக மட்டும் வாசிப்பவர் நாவலின் பாதியை இழக்கிறார். ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஊருக்குள் வருவதை எதிர்க்கும் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் சரிவு, நிலவுடைமையின் சரிவு. அத்தகைய முதலாளிகளைத் தமிழகத்தின் எல்லாச் சாதிகளிலும் காணலாம். வேளாளர் வீட்டுக் கதை 'தமிழ் வாழ்வு' என்று வாசிக்கப்பட, கடற்கரை முஸ்லிமின் கதை மட்டும் 'உட்பண்பாடு' ஆவது ஏன்? பெயர் சூட்டப்படாமல் இருப்பதே பொதுப்பண்பாட்டின் அதிகாரம்.

இதுவரை பிறரைக் குறித்துப் பேசினோம். இவ்வளவோடு நிறுத்தினால் நீதியாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் பழைய அரபுத்தமிழ் ஏடு ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். எழுத்துகள் அறிந்தவையாக இருந்தும் அவர் திகைத்தார். "உஸ்தாத், இந்த அரபி விளங்கவில்லையே" என்றார். உரக்க வாசிக்கச் சொன்னோம். இரண்டு வரி தாண்டியதும் நிறுத்தி, "இது என் பெத்தும்மா பேச்சல்லவா!" என்று வியந்தார். கண்ணுக்கு அரபாக இருந்தது காதுக்குத் தமிழாயிற்று. மார்க்கச் சட்டங்களைத் தமிழில் அறியவும், குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்கள் வீட்டிலிருந்தே நூல் படிக்கவும் வழிசெய்த எழுத்து அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பேரறிஞர்கள் அதில் எழுதினார்கள். அதன் வாரிசாக வளர்ந்த மாணவருக்கு அதனை நாம் கற்பிக்கவில்லை.

பர்மிங்ஹாம் ஆய்வுகளில் பெண்பிள்ளைகள் எங்கே என்று 1976இலேயே ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் கேட்டனர். தெருமுனை இளைஞரைக் கண்ட ஆய்வாளர் கண்ணுக்கு வீட்டறையின் சிறுமி தெரியவில்லை என்பது அவர்கள் வாதம். அக்கேள்வி நமக்கும் பொருந்தும். நம் பண்பாட்டு வரலாற்றில் புலவர், வள்ளல், ஆலிம் என ஆண்களின் வரிசை நீள்கிறது. தாலாட்டும் மாலைப்பாட்டும் பாடிய பெண்களுக்கு அதில் இடமில்லை. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் அப்பெண்களின் அறைக்கதவைத் திறந்தபோது, நம்மில் பலர் நாவலைப் படிக்குமுன்பே முகம் சுளித்தோம்.

தோற்றவர் வென்றவரின் உடையையும் நடையையும் பின்பற்றுவர் என்று இப்னு கல்தூன் 'முகத்திமா'வில் எழுதினார். நாம் இருவரைப் பின்பற்றுகிறோம். நகரத்தமிழர் முன் 'ஆணம்' என்று சொல்லக் கூசிக் 'குழம்பு' என்கிறோம். வளைகுடா சென்று திரும்பியபின் 'நோன்பு' என்று சொல்லவும் கூசுகிறோம். தப்ஸ் தட்டிப் பாடிய பக்கீரை ஓரத்திற்குத் தள்ளியவர்கள் பிறர் அல்லர்.

பழையன யாவும் காக்கத்தக்கவை என்பது நம் வாதமன்று. வழக்காறும் தீர்ப்புக்கு அடிப்படையாகும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெருவிதிகளுள் ஒன்று. அதே ஃபிக்ஹ், செல்லும் வழக்கம் எது, செல்லா வழக்கம் எது என்று பிரிக்கவும் கற்பிக்கிறது. ஏகத்துவத்திற்கு மாறானதை விடலாம், விடத்தான் வேண்டும். ஆனால் நிறுத்துப் பார்த்து விடுவது வேறு, வெட்கப்பட்டு விடுவது வேறு. ஒரு மொழிநடையும் எழுத்துமுறையும் தாலாட்டும் எந்தச் சட்டத்தின்படி தள்ளப்பட்டன?

பெரும்பண்பாடு நம்மைக் கிளை என்று அழைப்பதை மறுக்க நமக்கு உரிமை உண்டு. நமக்குள் இருக்கும் சிறு கிளைகளை நாம் வெட்டாதிருக்கும்போதே அம்மறுப்புக்கு வலிமை உண்டாகும். அரபுக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் வாரம் ஒரு மணிநேரம் அரபுத்தமிழுக்கு ஒதுக்கினால் போதும். ஆசிரியரைத் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. அந்த மாணவரின் பெத்தும்மாவைப் போன்றோர் சில ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.

வல்லாஹு அஃலம்.