196 முடிச்சு

மாதிரிக் கப்பலைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் குனிந்து பீரங்கிகளை எண்ணுவார்கள். பிறகு அணியத்துப் பதுமை, பிறகு பின்புறத்துத் தங்கப் பூச்சு. யார் வீட்டுக் கப்பலானாலும் என் கண் நேரே ராட்லினுக்குத்தான், மாலுமிகள் மரமேறும் கயிற்றேணிப் படிகளுக்குத்தான், போகும். பக்கப்பலகையில் விட்ட தப்பை மக்கு வைத்து அடைக்கலாம், மேலே இரண்டு கை வண்ணம் ஏற்றி அமுக்கலாம். ராட்லினில் ஒளிக்க இடம் ஏது? அதற்குப் பின்னால் இருப்பது வெறும் வெளிச்சம்.

இப்போது எங்கள் மேஜையில் நிற்பது டிரிங்கமலி. 1817 அக்டோபர் 12 அன்று பம்பாயில், ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் கையால் தேக்கில் உருவாகித் தண்ணீரில் இறங்கியவள். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறாள். எத்தனையோ கப்பல் இருக்க இவளை ஏன் பிடித்தோம் என்றால், படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த பேத்தி, “தாத்தா, வெள்ளைக்காரன் கப்பலுக்கு ஏன் திருகோணமலைன்னு பேரு?” என்று கேட்டுவிட்டாள். பேரனை இழுத்தது வேறு கதை. இந்தக் கப்பலுக்கான வரைபடங்கள் முதலில் ‘ஜாவா’ என்ற போர்க்கப்பலில் பம்பாய்க்குப் புறப்பட்டன. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ அதை அடித்து நொறுக்கிக் கொளுத்திவிட, படங்களும் போயின. லண்டனிலிருந்து மறுபடி அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று. மாதிரிக் கப்பல் செய்யும் நம்மில் பாதிப் பேர் அலமாரியில் அந்தக் கான்ஸ்டிடியூஷன் நிற்கிறது. என் அலமாரியிலும் நிற்கிறது. இந்தக் கதையைக் கேட்ட பிறகு பேரன் அதை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டான். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

தேக்குக் கப்பலைத் தேக்கில் செய்யமுடியாது என்பது இந்தக் கலையின் வேடிக்கைகளில் ஒன்று. 1:96 அளவில் தேக்கின் ஒரு ரேகை ஒரு பலகை அகலத்துக்கு வந்து நிற்கும். ஐரோப்பாக்காரர்கள் பாக்ஸ்வுட், பேரி மரம் என்று போவார்கள். நான் வெட்பாலைக்காரன். கர்நாடகத்துச் சன்னபட்டணப் பொம்மைக்காரர்கள் கடைவதும் அதைத்தான். வெள்ளை நிறம், நெருங்கிய நார், கத்திக்கு அடங்கும். 150 அடிக் கப்பல் கிட்டத்தட்ட ஒன்றரை அடியாக அடங்கிவிட்டது. உடல் கட்டிய எட்டு மாதத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஆசையில்லை. ஏராவும் வங்கும் தச்சு வேலை; கை வந்தால் வந்தது. கப்பல் உயிர் பெறுவது நூல் ஏறும்போதுதான்.

விக்டரி என்ற போர்க்கப்பலில் மட்டும் 42 கிலோமீட்டர் கயிறு இருந்தது என்பார்கள். அந்தக் கணக்கைச் சொல்லிப் புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்துவது நம் கூட்டத்தின் வழக்கம். பயப்படவேண்டியது நீளத்துக்கு அல்ல, நூலின் முகத்துக்கு. பருத்தி நூலை எரியும் மெழுகுவர்த்தியின் மேலாக ஓர் ஓட்டு ஓட்டிப் பிசிறைப் பொசுக்கி, தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்தால்தான் அது கயிறாகும். இல்லாவிட்டால் கப்பல் முழுக்கக் கம்பளிப்பூச்சி ஊர்வது போலிருக்கும். பாலியஸ்டர் நல்லது, ஈரக்காற்றில் அசையாது என்று வாதிடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் சொல்வது நியாயம்தான். தூத்துக்குடியில் இருந்துகொண்டு பருத்தியைக் கட்டுகிறவன் ஐப்பசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை கயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் பாலியஸ்டரின் பளபளப்பு எனக்கு ஒத்துவரவில்லை. தார் பூசிய கயிறு எங்கேயாவது மின்னுமா?

பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரவுடை வலப்பக்கம் ஒரு ஜோடி, இடப்பக்கம் ஒரு ஜோடி என்று மாறி மாறி ஏற்றினோம். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாய்ந்துகொடுக்கும். பிறகு 4 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட அட்டையைப் பின்னால் சொருகி, ராட்லின். முன்மரத்தில் ஒரு பக்கத்துக்கு 7 ஷ்ரவுட், 28 வரி: 196 முடிச்சு. அடுத்த பக்கம் இன்னொரு 196. என் கை முன்போல் இல்லை. மூன்றாவது வரியிலேயே சாமணம் நடுங்கத் தொடங்கிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, “இது நம்ம ஆச்சி பூ கட்டுற முடிச்சுல்லா தாத்தா?” என்றாள்.

முப்பது வருஷம் க்ளோவ் ஹிட்ச் என்ற இந்த முடிச்சைப் போட்டிருக்கிறேன். அதே முப்பது வருஷமும் சாயங்காலம் திண்ணையில் என் மனைவி பிச்சிப்பூ கட்டுவதைப் பார்த்தபடி காபி குடித்திருக்கிறேன். விரலில் நூலைத் திருப்பி ஒரு வளையம், காம்பின் மேல் மாட்டி ஓர் இழுப்பு. அதையே மாறாமல் இரண்டு முறை செய்தால் க்ளோவ் ஹிட்ச். எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஆச்சியைக் கூப்பிட்டோம். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இதுக்கா இத்தன வருஷம் கதவ அடச்சிட்டு உக்காந்திருந்தீய?” என்று கேட்டுவிட்டு, ஒரு வரியை நான் சாமணம் தேடி எடுக்கும் நேரத்தில் கட்டி முடித்துவிட்டாள். பூக்காம்பை நசுக்காமல் கட்டிப் பழகிய கைக்கு எவ்வளவு இழுக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். ராட்லினின் சூட்சுமம் முழுக்க அந்த இழுப்பில்தான். ஒரு மயிரிழை கூடினால் ஓரத்து ஷ்ரவுட் உள்ளே வளைந்து, ஏணி உடுக்கை மாதிரி இடுப்பு ஒடுங்கிவிடும். எத்தனை பரிசுக் கப்பல்களில் அந்த உடுக்கையைப் பார்த்திருக்கிறேன்!

பிளாஸ்டிக் கிட்டோடு ஆயத்தமாக வருகிற ராட்லினைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஊசியால் ஷ்ரவுடைக் குத்தி நூலை ஊடே ஓட்டிவிட்டு ‘ராட்லின் ஒரே நாளில்’ என்று சொல்கிறவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியவில்லை. இரண்டடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது என்கிறார்கள். இரண்டடி தள்ளி நின்று பார்க்கவா ஒருவன் ஒன்றரை அடிக் கப்பல் செய்வான்? பாய் விரிக்கிற கட்சியோடும் எனக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு. எவ்வளவு மெல்லிய மல்லாக இருந்தாலும் இந்த அளவில் அதன் இழை சாக்குப் பையாகத்தான் தெரியும். வெறும் பருமல் போதும். வங்கெலும்பு தெரிய, பாய்மரமே இல்லாமல் நிறுத்தும் பழைய கடற்படைச் சபைப் பாணிக்காரர்களை மதிக்கிறேன். அவர்கள் தச்சுக்கு முன் என் தச்சு நிற்காது. ஆனால் அவர்கள் நிறுத்தும் இடத்தில்தான் எனக்குக் கப்பல் ஆரம்பமாகிறது.

நூல் வேலையின் உச்சத்தை நான் பார்த்தது இங்கிலாந்தின் பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில். மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது மழை நாளில் ஒதுங்கிய இடம். பிரான்ஸுடன் நடந்த யுத்தத்தில் பிடிபட்டவர்களுக்காக 1797இல் அருகே நார்மன் கிராஸில் ஒரு சிறை திறந்தார்கள். சாப்பாட்டில் வந்த மாட்டெலும்பைச் சீவிக் கைதிகள் கப்பல் செய்து, சிறை வாசல் சந்தையில் விற்றார்கள். மரங்கள் அளவுக்கு மிஞ்சிய உயரம், பீரங்கிகள் கொஞ்சம் கொழுத்தவை. அளவுகோல்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். பிதுக்கட்டும். பின்புறத்துச் சரட்டை இழுத்தால் பீரங்கிகள் உள்ளே போகும்படி வைத்தவனிடம் நாம் அளவுகோல் பேசலாமா? அப்படிப்பட்ட கப்பல்களில் கயிற்றுக்குத் தலைமயிரைக்கூட முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். யார் தலையில் வளர்ந்ததோ, எந்த விளக்கொளியில் முடிந்ததோ! செய்தவன் பெயர் பெரும்பாலும் கிடையாது. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நான் நின்ற நேரத்தைப் பார்த்து, காவலர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். மகன் காரில் தூங்கிவிட்டான்.

அங்கிருந்து திரும்பி வந்த மாதமே நம் ஊர்ப் பக்கம் ஓர் அலுவலக வரவேற்பறையில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கப்பலைப் பார்க்க நேர்ந்தது. விலையைச் சொல்லி வியந்தார்கள். பின்னாலிருந்து காற்று வாங்கிப் பாயெல்லாம் முன்னே உப்பியிருக்க, கொடி மட்டும் பின்னால் பறந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் அப்படி ஒரு கப்பல் வெளியே வந்தால் யாராவது ஒருவர் பேனாவை எடுத்து நாலு பக்கம் கடிதம் எழுதிவிடுவார். இப்போது அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

முன்மரம் முழுப்பரீட்சை லீவுக்குள் முடிந்தது. கீழ் வரிகள் ஆச்சி, மேல் வரிகள் பேத்தி, நூல் பொசுக்குவது பேரன், பாலில் கலப்பது மாதிரி ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து முடிச்சில் தொட்டு வைப்பது நான். ஓர் இரவு எல்லோரும் படுத்த பிறகு விளக்கைப் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் பதினேழாவது வரி ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தது. பேத்தி கட்டியது. உண்மைக் கப்பலில் மாலுமிகளின் கால் பட்டுப் பட்டு ராட்லின் தொய்ந்துதானே இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, எடுத்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்து வந்தால் அந்த வரியை யாரோ வெட்டியெடுத்திருந்தார்கள். அட்டை மறுபடி பின்னால் சொருகப்பட்டிருந்தது. பேத்தி நாக்கைத் துருத்திக்கொண்டு மூன்றாவது முடிச்சில் இருந்தாள்.

“யாரு சொன்னா உனக்கு?”

“தெரியுதுல்லா தாத்தா” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

நடுமரமும் பின்மரமும் பாக்கி. பழைய பருத்தி நூல் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. கைவசம் ஒன்றரை உருண்டை இருக்கிறது.